கல்வாழையா, பலாவா?

பள்ளியை விட்டுச் செல்லும் பத்தாம் வகுப்பு மாணவியர் ஏதேனும் ஒரு நினைவுப் பரிசு அளித்துச் செல்வது நம் பள்ளியின் நல்ல வழக்கம். எங்களுக்கு முன் படித்த அக்காமார் அளித்த சுவர்க்கடிகாரம் இன்றும் மண்டபத்தில் மணி காட்டிக்கொண்டிருக்கிறது. வேறோர் ஆண்டின் அக்காமார் அளித்த அலமாரி நூலகத்தில் நிற்கிறது. இவ்வாண்டு எங்கள் முறை. "பொருளாக ஒன்றும் வேண்டாம், உயிருள்ள ஒன்றைத் தோட்டத்தில் நட்டுச் செல்லுங்கள்" என்று தலைமை அன்னை கூறினார்கள். கேட்டவுடன் எங்கள் உள்ளம் துள்ளியது. ஆனால் எதை நடுவது என்ற கேள்வி எழுந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி பலா என்றது. மறு பாதி கல்வாழை என்றது.

வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் இதையே பட்டிமன்றமாக நடத்தினோம். கைதட்டல் ஓங்கியது; தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. நடுவராக இருந்த அறிவியல் சகோதரி எழுந்து, "தீர்ப்பை நான் சொல்லமாட்டேன். நீங்களே யோசித்து எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படி யோசித்து எழுதியதுதான் இக்கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். மதிய உணவு முடிந்ததும் நாம் எல்லோரும் வரிசையாக நின்று சாப்பாட்டு டப்பாவைக் கழுவும் குழாயடியை யாவரும் அறிவோம். அங்கிருந்து ஓடும் தண்ணீர் சிறு ஓடை வழியே தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குச் சென்று தேங்குகிறது. ஒருநாள் ஒரு வாளியை வைத்து அளந்து பார்த்தோம். ஒருத்தி தன் டப்பாவையும் கையையும் கழுவ ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் செலவாயிற்று. எங்கள் வகுப்பில் 42 பேர். ஆகவே எங்கள் வகுப்பு மட்டும் நாளொன்றுக்கு 42 லிட்டர். பள்ளி முழுவதற்கும் கணக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று ஆறாம் வகுப்புத் தங்கைகளே சொல்லிவிடுவார்கள். அந்த மூலையில் பச்சைப் பாசி படிந்திருக்கிறது; சோற்றுப் பருக்கை மிதக்கிறது; மாலையில் கொசு பறக்கிறது. நாம் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும் மூலை அது. தோட்டத்தில் வெறுமையாகக் கிடக்கும் பெரிய இடமும் அதுவே.

இனி, பலாவின் கட்சியைக் கேட்போம்.

முக்கனிகளில் நடுவே நிற்பது பலா. நம் தமிழ்நாட்டின் மாநிலக் கனியும் அதுவே. கேரள அரசும் 2018இல் பலாவைத் தன் மாநிலக் கனியாக அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைதான் இதன் பிறந்தகம். அந்த மலையின் தென்முனையில் கிடக்கும் நம் குமரி மாவட்டத்துக்கு இது விருந்தாளி அல்ல, வீட்டுப் பிள்ளை. ஆகவேதான் பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழம் என்று மரியாதையாகச் சொல்வதை நாம் சக்கை என்று உரிமையோடு சொல்கிறோம். பிஞ்சாக இருந்தால் இடிச்சக்கைத் துவரன், முற்றினால் வற்றல், பழுத்தால் தேன். கொட்டையைக்கூட வீணாக்காமல் சுட்டும் அவித்தும் தின்கிறோம். மரத்தில் காய்க்கும் பழங்களில் உலகிலேயே பெரியது இது. ஒரே பழம் 30, 40 கிலோ எடை இருப்பதுண்டு. அவ்வளவு பெரிய பழத்தைச் சிறு கிளை தாங்காது என்பதால்தான் போலும், இயற்கை அன்னை அதை அடிமரத்திலேயே காய்க்க வைத்திருக்கிறாள். நாம் ஒரு பழம் என்று நினைப்பது உண்மையில் பல நூறு சிறு மலர்கள் ஒன்றுசேர்ந்து உருவான கூட்டுக்கனி. ஒவ்வொரு சுளையும் ஒரு மலரின் பரிசு.

கனி மட்டுமா? தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுகிறது. மரத்தின் வைரப் பகுதியிலிருந்து எடுக்கும் மஞ்சள் சாயத்தில் புத்தத் துறவிகள் தங்கள் ஆடையைத் தோய்த்தார்கள். இலங்கையில் ஆர்தர் வி. டயஸ் என்ற பெரியவர், மக்கள் பசியால் வாடக்கூடாது என்று ஊர் ஊராகப் பலா நடச் சொல்லிப் பாடுபட்டார். அந்நாட்டு மக்கள் அவரை 'கொஸ் மாமா' என்றே அழைத்தார்கள். சிங்களத்தில் கொஸ் என்றால் பலா. ஒரு மனிதர் நட்ட மரமே அவருக்குப் பெயராகி நின்றது எவ்வளவு பெரிய பேறு!

பலாக் கட்சியின் தலைவி இதைச் சொல்லி முடித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நாம் போன பிறகும் நூறு பிள்ளைகள் நிழலில் உட்காருவார்கள். மரத்தடியில் நம் வகுப்பின் பெயர்ப்பலகை இருக்கும். கல்வாழையை நட்டால் யார் வந்து படம் எடுப்பார்கள்?" என்று அவள் கேட்டாள். நாங்களும் சிரித்தோம்.

அடுத்துக் கல்வாழையின் கட்சி. பெயரில் வாழை இருக்கிறது, பழம் இல்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். பூவைத் தலையில் சூட முடியாது, மாலைக்குள் வாடிவிடும். ரயில் நிலையத்திலும் சாக்கடை ஓரத்திலும் காண்பதால் அதைச் செடி என்றுகூட நாம் மதிப்பதில்லை. ஆனால் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

1753இல் லின்னேயஸ் என்னும் தாவரவியல் மேதை இதற்குக் 'கன்னா இண்டிகா' என்று பெயரிட்டார். பெயரிலே இந்தியா இருந்தாலும் இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகள். இந்தியாவிலேயே பிறந்த பலாவின் அறிவியல் பெயரிலோ இந்தியா இல்லை! பெயரை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதன் விதை கரிய உருண்டை, குண்டைப்போல் கடினமானது. முற்காலத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்வார்கள். சில நாடுகளில் அதைக் கோத்து மணிமாலை செய்கிறார்கள். பூவில் நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதிகள் உண்மையில் இதழ்களே அல்ல, உருமாறிய மகரந்தத்தாள்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் மாவுச்சத்து நிறைய உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் அதை உணவாகப் பயிரிட்டார்கள். வியட்நாமில் அந்த மாவில் சேமியா போன்ற இழைகள் செய்து இன்றும் உண்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. கல்வாழை ஈர நிலத்தை விரும்பும் செடி. ஆற்றங்கரையிலும் நீர் ஊறும் சேற்றிலும் தழைத்து வளரும். மற்றச் செடிகளின் வேர் மூச்சுத் திணறி அழுகும் இடத்தில் இதன் வேர் உயிரோடு வேலை செய்யும். வேரைச் சுற்றிக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தண்ணீரில் வரும் அழுக்கை அவை சிதைத்து எளிய சத்துகளாக்குகின்றன. அச்சத்துகளை வேர் உறிஞ்சி இலையாகவும் பூவாகவும் மாற்றுகிறது. அகன்ற இலைகள் வழியே நிறையத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. இதனால்தான் வீட்டுக் கழிவுநீரையும் ஊர்க் கழிவுநீரையும் தூய்மை செய்ய மனிதர்கள் அமைக்கும் செயற்கை ஈரநிலங்களில் பல நாடுகளில் கல்வாழையை நடுகிறார்கள்.

நம் மாவட்டத்தார்க்கு ஈரநிலம் என்பது புதிய செய்தி அன்று. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் என்னும் ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலகம் போற்றிக் காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியலில் நம் குளங்களும் இடம்பெற்றுவிட்டன. ஈரநிலத்தைப் பூமியின் சிறுநீரகம் என்பார்கள். அழுக்கை வடித்து நல்லதைத் திருப்பித் தருவதால் அந்தப் பெயர். நம் குழாயடி மூலையும் ஒரு சின்னஞ்சிறு ஈரநிலந்தான். வேலை செய்ய வேண்டிய செடி மட்டும் அங்கே இல்லை.

இரு கட்சிகளின் பேச்சையும் எழுதிவிட்டோம். இனி நாங்கள் எழுதத் தயங்கிய பகுதியை எழுதுகிறோம். இது இல்லாமல் தீர்ப்புக் கூற எங்களுக்கு உரிமை இல்லை.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஜூலை மாதம் வன மகோத்சவ வாரத்தில் ஒரு மரம் நட்டோம். 1950 முதல் நம் நாடெங்கும் கொண்டாடப்படும் விழா அது. நாங்கள் தேர்ந்தெடுத்தது பலாக்கன்று. நட்ட இடம் இதே குழாயடி மூலை. 'அங்கே எப்போதும் தண்ணீர் இருக்கும். நாம் ஊற்ற வேண்டிய வேலை மிச்சம்' என்பதுதான் நாங்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம். அதை அன்று அறிவு என்று நினைத்தோம். சோம்பல் என்று இன்று தெரிகிறது.

குழி தோண்டும்போது தோட்டக்காரப் பாட்டா வந்து பார்த்தார். "மக்களே, இது தண்ணி கெட்டி நிக்கிற இடம். சக்கைக்கு வேரில தண்ணி நின்னா ஆகாது. அந்த மேட்டில வைங்க" என்று சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. மேடு தூரத்தில் இருந்தது. படம் எடுக்க இந்த இடம் வசதியாக இருந்தது. கன்றைச் சுற்றிக் கோலமிட்டோம், பாட்டுப் பாடினோம், படம் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு அங்கே போனவர்கள் எங்களுள் எத்தனை பேர் என்று கேட்டால் தலை குனிய வேண்டியதுதான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழையைக் கன்று எப்படியோ சமாளித்துவிட்டது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மூலை முழுவதும் குளமாகிவிட்டது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. நவம்பரில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து நாற்றமடித்தது. பலாவின் வேருக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். தேங்கிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுவதால் வேர் மூச்சுவிட வழியின்றி அழுகுகிறது. இது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை, பாட்டாவுக்குத் தெரிந்திருந்தது.

கன்று எப்படிப் பட்டுப்போயிற்று என்று தலைமை அன்னை கேட்டார்கள். "தோட்டத்தைச் சரியாகக் கவனிப்பாரில்லை, அன்னையே" என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சும்மா இருந்தோம். சொன்னவள் ஒருத்தி, சும்மா இருந்தவர்கள் 41 பேர். பாட்டா சற்றுத் தள்ளி மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. 'நான் அன்றே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல எங்களுக்குக் கதவு திறந்துவிட்டு, "வாங்க மக்களே" என்றார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பட்டிமன்றத்தில் பலாவைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசிய நாங்கள், அதே பலாவை ஓராண்டுக்கு முன் கொன்றவர்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டு மலரைப் படிக்கும் அன்னையரும் பெற்றோரும் தங்கைகளும் அறியவே இங்கே எழுதுகிறோம். தவறு பாட்டாவுடையது அன்று, எங்களுடையது. கட்டுரையைச் சகோதரியிடம் கொடுப்பதற்கு முன் பாட்டாவிடம் சென்று வாயாலும் சொல்லிவிட்டோம். "சரி மக்களே, அடுத்தது எங்க வைக்கப் போறீங்க?" என்று மட்டுமே கேட்டார்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இதுதான். குழாயடி மூலையில் கல்வாழையே நடவேண்டும். 'கனி தராத செடி எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை: அந்த மூலைக்கு இன்று வேண்டியது கனி அன்று, தூய்மை. கியூலெக்ஸ் என்னும் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அந்த மூலைக்கு அடுத்த அறையில்தான் ஆறாம் வகுப்புத் தங்கைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுக்குப் பின் வரப்போகும் நிழலைவிட, இன்று மாலை அவர்களைக் கொசு கடிக்காமல் இருப்பது பெரிய பரிசு அல்லவா?

சிலர் வேறு யோசனைகளும் கூறினார்கள். கல்வாழைக்குப் பதில் உண்மை வாழையையே வைத்தால் பழமும் கிடைக்குமே என்றாள் ஒருத்தி. நம் வீடுகளில் அடுக்களைத் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை நிற்பது உண்மையே. ஆனால் அங்கே தண்ணீர் ஓடுகிறது, இங்கே தேங்குகிறது. ஈரத்தை விரும்பும் வாழை தேக்கத்தைப் பொறுக்காது. தாமரை வைக்கலாம் என்றாள் இன்னொருத்தி. தாமரைக்குத் திறந்த குளம் வேண்டும்; திறந்த தண்ணீர் இருக்கும் வரை கொசுவும் இருக்கும். ஆகாயத்தாமரையின் பெயரையோ யாரும் எடுக்கவே வேண்டாம். அழகான ஊதாப் பூ என்று கொண்டுவரப்பட்ட அந்தச் செடி நம் குளங்களை மூடி மூச்சடைக்க வைத்திருப்பதைப் பேருந்தில் போகும்போதே பார்க்கிறோம்.

கல்வாழையை நட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. செடி மட்டும் கொசுவை விரட்டாது. தண்ணீர் வெளியே தெரியாதபடி செய்ய வேண்டும். அதற்குச் சகோதரியும் பாட்டாவும் சேர்ந்து எங்களுக்கு ஒரு வழி சொல்லித் தந்தார்கள். முதலில் ஓடையின் வாயில் சிறு தொட்டி ஒன்று. சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தங்கிவிடும். அதை வாரம் ஒருமுறை வாரி உரக்குழியில் போட வேண்டும். அடுத்து இரண்டடி ஆழத்துக்கு ஒரு நீண்ட குழி. அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல். தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே மெல்ல நகரும்; மேலே கண்ணுக்குத் தெரியாது. மணலில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கல்வாழைக் கிழங்கை ஊன்ற வேண்டும். நாற்றுக்குக் காசு செலவில்லை. ஒரு வீட்டில் இருந்தால் ஊருக்கே கொடுக்கலாம். அவ்வளவு வேகமாகப் பெருகும். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் வீட்டில் இருக்கிறது.

பூத்து முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட வேண்டும். நெருக்கமாக வளர்ந்தால் கிழங்கைத் தோண்டிக் கலைத்துவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் செடி உறிஞ்சிய அழுக்கெல்லாம் வாடிய இலையோடு அங்கேயே விழுந்து மறுபடியும் மண்ணில் சேர்ந்துவிடும். சலவைக் காரத்தையும் கிருமிநாசினித் திரவத்தையும் அந்த ஓடையில் ஊற்றக்கூடாது; அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அவற்றால் மடிந்துவிடும். இப்படிப் பார்த்தால் கல்வாழைக்கும் கவனிப்பு வேண்டும் என்பது விளங்கும். கவனிப்பு வேண்டாத செடி என்று உலகில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் நாங்கள் முன்பு பலாக்கன்றை இழந்தோம்.

அப்படியானால் பலாவைக் கைவிடுவதா? இல்லை. பாட்டா காட்டிய மேட்டில் ஒரே ஒரு பலா நடவேண்டும் என்பது எங்கள் இரண்டாவது தீர்ப்பு. அங்கே தண்ணீர் நிற்காது. செம்மண் ஆழமாக இருக்கிறது. கட்டடத்திலிருந்து எட்டுப் பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். பிள்ளைகள் நடக்கும் பாதையின் மேல் கிளை வரக்கூடாது. 20 கிலோ பழம் தலையில் விழுந்தால் சிரிப்பதற்கு இல்லை. விதையிலிருந்து வளரும் மரம் காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். எனவே ஒட்டுக்கன்றே வாங்குவோம்.

ஆனால் நாங்கள் மே மாதத்தில் இங்கே இருக்கமாட்டோம். முதல் இரண்டு கோடையும் மேட்டிலுள்ள கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். இங்கேதான் எங்களுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் தங்கைகள் நான்கு ஆண்டுகளில் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். மரம் முதல் காய் காய்க்கும்போது அவர்கள்தான் இங்கே மூத்தவர்கள். ஆகவே கன்றை வாங்குவது நாங்கள்; நடுவது அவர்கள். விடுமுறையில் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றட்டும். எப்போது ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்பதைப் பாட்டாவிடம் கேட்கட்டும். அவர் சொல்வதைக் கேட்கட்டும் என்பதை இரண்டு முறை எழுத விரும்புகிறோம்.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பின் பெயர் எழுதிய பலகை எதிலும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு இதில் வருத்தமே. முடிவு செய்யும்போது ஒருத்தி அழுதுவிட்டாள். ஆறு ஆண்டுகள் படித்த இடத்தில் நம் பெயர் ஓர் ஓரத்திலாவது இருக்கக்கூடாதா என்று அவள் கேட்டது நியாயந்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். முன்பு நாங்கள் நட்ட கன்றுக்குப் பெரிய பலகை இருந்தது. கன்று போன பின்பும் பலகை மூன்று மாதம் நின்றது. வெறும் சேற்றில் எங்கள் வகுப்பின் பெயர் மட்டும் நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டு போனோம். அந்த வெட்கம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் வீட்டு முற்றத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்யும்போது நமக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்கிறோம். அந்த மண்ணுக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்டுப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் தோட்டத்தைச் சுற்றி வந்தால் மண்ணே விடை சொல்லும். தண்ணீர் நிற்கும் இடத்தில் கல்வாழையோ சேம்போ வையுங்கள். தண்ணீர் வடியும் மேட்டில் பலாவோ மாவோ வையுங்கள். பின்புறம் அடுக்களைத் தண்ணீர் தேங்கி அடுத்த வீட்டாரோடு மனத்தாங்கல் இருக்குமானால், பத்துக் கல்வாழைக் கிழங்கு அதைத் தீர்த்து வைக்கக்கூடும். கிழங்கு வேண்டுவோர் எங்கள் வகுப்பைக் கேட்கலாம்.

தங்கைகளே! பலா பெரியது, கல்வாழை சிறியது என்று பட்டிமன்றத்தில் பேசலாம்; கைதட்டும் கிடைக்கும். தோட்டத்தில் அப்படி ஒரு வரிசை இல்லை. மேட்டில் வைத்தால் பலா அரசன். சேற்றில் வைத்தால் மூன்றே மாதத்தில் சருகு. சேற்றில் வைத்தால் கல்வாழை தூய்மைப் பணி செய்யும்; மேட்டில் தண்ணீரின்றி வைத்தால் இலை கருகி நிற்கும். இடமறிந்து நடுவதே தோட்டக்கலையின் முதல் பாடம். அதை எங்களுக்குக் கற்பித்தவர் எந்தப் பட்டமும் பெறாத ஒருவர். அவர் தினமும் காலையில் நமக்குக் கதவு திறந்துவிடுகிறார்.

அரசுத் தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை குழாயடி மூலையில் குழி தோண்டப் போகிறோம். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வரலாம். பழைய பாவாடை உடுத்தி வாருங்கள், சேறு படும். இம்முறை படம் எடுக்க யாரும் வேண்டாம். நான்கு ஆண்டுகள் கழித்து முதல் சக்கை பழுக்கும்போது எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள். வந்து ஒரு சுளை தின்று போகிறோம். முதல் சுளை மட்டும் பாட்டாவுக்கு.

— பத்தாம் வகுப்பு மாணவி, வகுப்பினர் சார்பில்